இருபது டிக்

மூன்றாவது சாவியும் சேரவில்லை. நான்காவதில், கல்லூரியில் இருந்த அம்மாவின் மேசை இழுப்பறையை மகள் திறந்தாள். அடையாள அட்டையைக் கொண்டுபோனால்தான் ஆஸ்பத்திரியில் அம்மாவின் உடலைத் தருவார்கள். அப்பா அங்கே காத்துக் கிடந்தார். காலை வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அம்மா மேசையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். நர்சிங் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் முதலுதவி சொல்லிக்கொடுத்தவளுக்கு எந்த முதலுதவியும் எட்டவில்லை.

"பொறுமையாத் தேடும்மா," என்றார் ஆன்ட்டி. அம்மாவோடு இதே அறையில் வேலை பார்த்தவர். அழுது முகம் வீங்கியிருந்தது.

அட்டை மேலாகவே கிடந்தது. அதற்கடியில் ஒரு கட்டுப் படிவங்கள். மாணவர்களின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க அம்மா தயாரித்தவை. தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு கசக்கிறதா, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறதா... இருபது கேள்விகள். கட்டின் மேல் சிவப்பு மையில், 'முதலில் கூப்பிட வேண்டியவர்கள்.' மகள் புரட்டிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் 'இல்லவே இல்லை' என்றே இருபது டிக்.

"இவங்களுக்கு ஒண்ணுமே இல்லையே ஆன்ட்டி. இவங்களை ஏன் முதல்ல கூப்பிடணும்?"

"யாருக்குத்தான் இருபதும் இல்லாம இருக்கும்? படிக்காமலே மேலேருந்து கீழ டிக் அடிச்சவங்கதான் மறைக்கிறாங்கன்னு சொல்லுவா உங்கம்மா. நேரா கூப்பிட்டா வருவாங்களா? பி.பி. பாக்கணும், கை வேணும்னு கூப்பிடுவா. பட்டையச் சுத்திட்டா எழுந்து ஓட முடியாதில்ல! அதுக்குள்ள பேச வச்சிடுவா. பிள்ளைங்க பி.பி. மேடம்னே பேரு வச்சிருந்தாங்க." சிரிக்கப் போன ஆன்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த படிவத்தில் பெயருக்குப் பதில் 'மகள்' என்றிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன், "கேள்வி புரியுதான்னு மட்டும் பாருடி" என்று அம்மா வீட்டில் நீட்டியது. நின்ற வாக்கிலேயே டிக் அடித்துக் கொடுத்திருந்தாள். கல்லூரிக்கென்று கிளம்பி, பேருந்து நிலையத்து பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு வரத் தொடங்கி அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

படிவத்தின் ஓரத்தில் தேதிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், 'கூப்பிட்டேன். வரவில்லை.' பதினோரு தடவை.

"கையக் குடுடி, மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும்," என்று அம்மா வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு வேற கையே கெடைக்கலையாம்மா?"

கடைசியில் நேற்றைய தேதி. 'நாளைக்கு என்றாள்.'

ஆமாம், அப்படிச் சொல்லித்தான் கதவைச் சாத்தினாள். எல்லாம் தெரிந்துகொண்டே அம்மா அந்தக் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். இனி யார் வந்து தட்டப் போகிறார்கள்?

போன் அடித்தது. அப்பா. "கெடச்சுதாம்மா?"

"கெடச்சுதுப்பா. கொஞ்ச நேரத்துல வந்துடறேன்."

"கெளம்பலாமா?" என்றார் ஆன்ட்டி.

மேசைமேல் நீலப் பட்டை சுற்றிய மெஷின் இருந்தது. அம்மாவின் நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூல். அவள் அதில் உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே மடித்து, இடது கையை மேசைமேல் நீட்டினாள்.

ஆன்ட்டி கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பட்டையைப் பிரித்தார்.