வெறும் புரைதான்

வல்லிநாயகம் சார் அருவியில் குளிக்க மாட்டார். தென்காசியில் பிறந்து வளர்ந்த மனுஷன், சாரல் அடித்தால் ஜன்னலைச் சாத்துகிற ரகம். அதனால் யாரோடு குற்றாலம் போனாலும் பை சுமக்கிற வேலை அவருக்குத்தான். அன்றும் ஐந்தருவியில் அதே உத்தியோகம். மகள் ஜெயபிரியாவுக்குக் கல்யாணமான பிறகு வருகிற முதல் சீசன். மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு அருவியில் குளிக்க வைத்து, வீட்டில் சொதிச் சாப்பாடு போடாவிட்டால் ஊர் என்ன பேசும்? சாரின் மனைவி வீட்டில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். ஆலங்குளத்திலிருந்து மாப்பிள்ளை சந்தோஷ்குமாரும் அவன் அம்மா முத்துவடிவும் காரில் வந்து இறங்கியிருந்தார்கள்.

ஜெயபிரியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு. இதைக் கேள்விப்பட்டு ஒரு வரன் கை நழுவிப் போனதும் சார் வீட்டில் சட்டம் போட்டுவிட்டார். இளைப்பு என்ற சொல்லே இனி யார் வாயிலும் வரக்கூடாது. "நானே அவங்கட்ட சொல்லிருதேம்ப்பா" என்று மகள் கேட்டாள். "முதல்ல கல்யாணம் முடியட்டும்" என்றார். முடிந்தது. "ஒரு பிள்ளை பிறக்கட்டும்" என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இத்தனைக்கும் சார் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். சுவாச மண்டலம் எடுத்தால் கடைசி பெஞ்சு கூட வாய் பேசாது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, கிளை கிளையாகச் சிறுத்துப்போய், கடைசியில் திராட்சைக் கொத்து மாதிரி காற்றறைகளில் முடிவதைப் பலகையில் ஒரே இழுப்பில் வரைவார். அந்தச் சிறு குழாய்களைச் சுற்றியுள்ள தசை இறுகி, உள்தோல் வீங்கி, சளி அடைத்தால் அதுதான் ஆஸ்துமா என்பார். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தவிக்கும், அந்த விசில் சத்தம் அதுதான் என்பார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் பிள்ளைகளிடம் சொல்வார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளிடம்.

பெண்கள் பக்கம் குளிக்கப் போகும்போது முத்துவடிவு, மருமகளின் பையையும் அவர் தோளில் மாட்டினாள். "அண்ணாச்சி, வந்ததும் சீப்பு எடுக்கணும், மேல வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சார் உடனே பையைத் திறந்து பார்த்தார். சீப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது, மகள் மூச்சிழுக்கிற நீல நிற பஃப். சம்பந்தியம்மா கைவிட்டால் முதலில் அதுதான் தட்டுப்படும். எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெரிய ஆபத்திலிருந்து மகளைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு அவருக்கு.

கொஞ்ச நேரத்தில் முத்துவடிவு மருமகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து படியில் உட்கார வைத்தாள். ஜெயபிரியா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்திருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குக் கீழே காறை எலும்பின் குழி ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே போனது. அருவிச் சத்தத்தையும் மீறி அவருக்கு அந்த விசில் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"ஒண்ணுமில்ல, தண்ணி மூக்குல போயிருக்கும். வெறும் புரைதான்" என்றார் சார்.

புரை ஏறினால் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். இவளுக்கு இருமக்கூட காற்றில்லை. அது அவருக்குத் தெரியாதா? அவர் சொன்னதை நம்பி முத்துவடிவு மருமகளின் உச்சந்தலையில் தட்டினாள். "யாரோ உன்ன நெனைக்காங்க தாயி" என்று வாயில் தண்ணீரைப் புகட்டப் பார்த்தாள். ஜெயபிரியா தலையைத் திருப்பிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். சாரின் கை சட்டைப்பை வரை போனது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கை இறங்கிவிட்டது. இதோ சரியாகிவிடும், இதோ சரியாகிவிடும் என்று நின்றார்.

ஆண்கள் பக்கமிருந்து சந்தோஷ்குமார் ஈரம் சொட்ட ஓடிவந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பஃப் எங்க?" என்று சாரின் தோளிலிருந்த பையைப் பிடுங்கிப் படியில் கொட்டினான். சோப்பு, சீப்பு, மாற்றுத்துணி. "இதுல நீல கலர்ல மருந்து ஒண்ணு இருந்துச்சே மாமா, பாத்தியளா?"

மாப்பிள்ளைக்குத் தெரியும். மகள் சொல்லியிருக்கிறாள்.

"பாக்கலியே மாப்பிள்ளை" என்றது அவர் வாய்.

"கார்ல இன்னொண்ணு இருக்கு" என்று அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். அவன் போன பிறகாவது எடுத்திருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்லியாகிவிட்டதே, இனி எந்த முகத்தோடு எடுப்பது? பெற்ற மகள் காற்றுக்குத் தவிக்க, அப்பன் தன் முகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். அவள் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

சந்தோஷ்குமார் வந்துவிட்டான். மருந்தைக் குலுக்கி அவள் வாயில் வைத்து, "மெதுவா இழு. உள்ளயே வையி. இப்ப விடு" என்றான். மறுபடியும் ஒருமுறை. பழகின கை. இறுகின குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. விசில் மெலிந்தது, தோள்கள் தணிந்தன.

முத்துவடிவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏலே, உனக்குத் தெரியும், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே! இப்படின்னு தெரிஞ்சா இந்தத் தண்ணியில கூட்டிட்டுப் போவனா? தலையில போட்டுத் தட்டிக்கிட்டு நிப்பனா? எங்க அக்காவுக்கும் இதேதான். இதுல மறைக்க என்ன இருக்கு?" பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "ஆமா, பையில வச்சிருந்தது எங்கட்டி போச்சு?"

ஜெயபிரியா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். இவ்வளவு நேரச் சாரலில் சாரின் வெள்ளைச் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சட்டைப்பைக்குள் இருந்த நீலம் பளிச்சென்று வெளியே தெரிந்தது. அவளுக்கு அப்போதுதான் பேசுகிற அளவுக்கு மூச்சு வந்திருந்தது.

"வீட்லயே... வச்சிட்டு வந்துட்டேன் அத்தை. என் மறதிதான்."

"நல்ல பிள்ளை போ" என்று முத்துவடிவு குனிந்து சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

சந்தோஷ்குமார் மனைவியின் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டான். சாரைப் பார்த்தான். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்து, மாமனாரின் நெஞ்சு மறைகிற மாதிரி போர்த்திவிட்டான்.

"நனையுதியளே மாமா. மூடிக்கிடுங்க" என்றான்.

பஃப்பை எடுத்து அவன் கையில் கொடுக்க அப்போதும் நேரம் இருந்தது. முத்துவடிவு நிமிர்வதற்குள் சார் துண்டை இழுத்து இறுக்கி மூடிக்கொண்டார்.