பூட்டிக்கொள்ளும் கதவு

பெரியவள் மறுபடியும் என் துணியை மெஷினிலிருந்து எடுத்து பக்கெட்டில் போட்டிருந்தாள். துவைத்து முடித்த துணியை அல்ல. பாதியில், நுரையோடு, அலசாமல். மேல் மூடியைத் திறந்தால் எங்கள் பழைய மெஷின் நின்றுவிடும். நின்றதும் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி என் நீல யூனிஃபார்மை இரண்டு விரலால் தூக்கிப் போட்டுவிட்டு, காலியான டிரம்மில் சுடுதண்ணீரை ஊற்றி, கிருமிநாசினி ஒரு மூடி விட்டு, ஒரு சுற்று சும்மா ஓட விடுவாள். அதற்குப் பிறகுதான் அவள் துணி உள்ளே போகும். அன்று காலை அந்தச் சும்மா சுற்றின் நடுவில்தான் மெஷின் ஒருமுறை உறுமி, குலுங்கி, சுவரில் முட்டி, நின்றேவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பெரியவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நேரில் வாய் நிறைய அக்கா என்பேன், மனதுக்குள் வெறும் பெரியவள்தான். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரிக்காமல் இருந்துகொண்டார்கள். அறைகள் தனி, அடுப்பு தனி. மெஷின் மட்டும் ஒன்று. ஏனென்றால் பின்பக்க நடையில் குளியலறைக்கும் அடுப்படிக்கும் இடையில் ஒரே ஒரு குழாயும் ஒரே ஒரு சாக்கடைத் துளையும்தான் இருக்கின்றன. இரண்டாவது மெஷின் வைக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் குளிக்காமல் இருக்க வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் சுற்ற விட்டுச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கிற வேலை. அங்கே யூனிஃபார்மின் மேல் கவுன், கையுறை, முகமூடி எல்லாம் உண்டு. ஒரு நாளில் நான் கை கழுவுகிற அத்தனை தடவை பெரியவள் ஒரு மாதத்தில்கூடக் கழுவியிருக்க மாட்டாள். ஊரார் ரத்தத்தையெல்லாம் கழுவிக் கொடுக்கிறவளுக்குத் தன் துணியைக் கழுவ வீட்டில் இடமில்லை. இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சிரிப்பார்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவளின் அம்மா ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்துதான் போனார். அந்த வாசனை என் துணியில் வருகிறது என்று அவள் ஒருமுறை தன் கணவரிடம் அழுததை நான் கேட்டிருக்கிறேன். பாவம்தான். ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை. அழுத மறுநாளும் என் துணி பக்கெட்டில்தான் கிடந்தது.

மெக்கானிக் வந்து மெஷினைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பேரிங் போய்விட்டது, டப்பிலும் விரிசல், இதற்குச் செலவு செய்வது செத்த மாட்டுக்கு லாடம் அடிப்பது மாதிரி என்றார். புதிது வாங்குவது என்று முடிவானது. பெரியவளின் கணவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் ஆராய்ச்சி. ஒரு டார்ச் லைட் வாங்குவதற்கே மூன்று வாரம் போனில் படிக்கிற மனிதர். மெஷின் என்றதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. எது நீடித்து உழைக்கும், எந்த மோட்டாருக்கு எத்தனை வருட உத்தரவாதம், எந்தக் கம்பெனிக்குப் போன் செய்தால் ஆள் வருவான், எதற்குச் செய்தால் வரமாட்டான் என்று கூடத்தில் தினம் ஒரு சொற்பொழிவு. வெளிநாட்டில் ஒருவர் தன் மெஷினைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறாராம். அவர் வீட்டுத் துணியைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஆராய்ச்சி சொல்லிவிட்டார்.

அவருடைய ஆசை, துவைத்துக் காயவும் வைத்துத் தருகிற மெஷின். மழைக்காலத்தில் கொடியே வேண்டாம் என்றார். பெரியவளின் ஆசை பழையது மாதிரியே மேல் மூடி மெஷின். குனிய வேண்டாம், மறந்த துணியை நடுவில் போடலாம் என்றாள். நடுவில் போடலாம் என்று சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. போடுவதற்குத் திறக்கிற மூடி எடுப்பதற்கும் திறக்கும், அது எங்கள் இருவருக்கும் தெரியும். என் கணவர் எதுவாக இருந்தாலும் சரி என்றார். அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். பணம் பாதிப் பாதி என்று பேசியபோதுகூட, சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கடைக்கு நான்கு பேருமாகப் போனோம். பெரிய கடை. வரிசை வரிசையாக வெள்ளையும் சாம்பலுமாக மெஷின்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. விற்பனையாளர் சின்ன வயதுக்காரர், கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் அலுப்பில்லை. ஆராய்ச்சி அவரைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். காய வைக்கிற மெஷின் பற்றி அந்த மனிதர் ஒளிக்காமல் சொன்னார். எட்டு கிலோ துவைக்கலாம், ஆனால் காய வைக்க அதில் பாதிதான் தாங்கும், மீதியை வெளியே எடுத்துவிட வேண்டும், நேரமும் மின்சாரமும் நிறைய ஆகும். இரண்டு வேலையை ஒரே மெஷினிடம் கொடுத்தால் கெட்டுப்போக இரண்டு வழி என்றார். அந்தக் கடைசி வாக்கியம் ஆராய்ச்சியின் முகத்தை வாட வைத்தது. போனில் யாரும் அவருக்கு இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கவில்லை.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். முன்பக்கக் கதவு வைத்த ஒரு மெஷினைக் காட்டி, ஓடும்போது இதைத் திறக்க முடியுமா என்றேன்.

"முடியாதுங்க மேடம். ஸ்டார்ட் பண்ணினதும் லாக் ஆயிடும்," என்றார் ஒரு குறையைச் சொல்லுகிற குரலில். "நடுவுல துணி சேர்க்கிற வசதி வேணும்னா அடுத்த மாடல்ல இருக்கு. இதுல கிடையாது."

"இதுல கிடையாதில்ல?"

"கிடையாதுங்க."

அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அதற்கு மேல் நான் பேசியதெல்லாம் வக்கீல் பேச்சு. தண்ணீர் குறைவாகக் குடிக்கும், துணி நைந்து போகாது, கறை போக உள்ளேயே சூடு பண்ணிக்கொள்ளும், மோட்டாருக்குப் பத்து வருடம் கொடுக்கிறார்கள் என்று ஆராய்ச்சி படித்த பாடத்தை அவருக்கே ஒப்பித்தேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பி மனைவியாவது நாம் சொல்வதைக் கவனித்திருக்கிறாளே என்ற முகத்தோடு, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

பெரியவள் முட்டாள் இல்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். கைப்பிடியை விரலால் தடவினாள். பிறகு விற்பனையாளரைப் பார்த்து, எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"எந்த மெஷினா இருந்தாலும் எடுங்க. ஆஸ்பத்திரித் துணி மட்டும் அதுல விழக்கூடாது. அதுக்கு ஒரு பக்கெட் போதும்."

விற்பனையாளர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆராய்ச்சி தொண்டையைச் செருமினார். நான் என் கணவரைத் தேடினேன். அவர் நான்கு அடி தள்ளி ஃப்ரிட்ஜ்கள் பக்கம் போய், ஒன்றின் கதவைத் திறந்து உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஃப்ரிட்ஜ் தேவையே இல்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றேன்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றார் ஃப்ரிட்ஜுக்குள் பார்த்தபடி.

வீட்டுக்குப் போய் அவர் பேசவில்லை. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை. என் மெஷின் வருகிறது, கதவு பூட்டிக்கொள்ளும், இனி யாருடைய வார்த்தையும் எனக்கு வேண்டாம் என்ற திமிரில் இருந்தேன். இரண்டு பேர் வந்து அதைப் பின்பக்க நடையில் இறக்கி, சமன் பார்த்து, குழாய் மாட்டி, விளக்கிச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியவள் அன்றே அதற்கு ஒரு பூப்போட்ட உறை வாங்கி மாட்டினாள். என் காசில் பாதி மெஷின், அவள் காசில் முழு உறை.

முதல் வாரம் என்னுடையது. விடிந்ததும் எழுந்து என் யூனிஃபார்மையும் என் கணவரின் சட்டைகளையும் உள்ளே திணித்துப் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவேன். சிறிது நேரத்தில் பெரியவளின் செருப்புச் சத்தம் கேட்கும். பிறகு கைப்பிடியை இழுக்கிற சத்தம். ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு சற்று பலமாக. கதவு அசையாது. தலையில் சோப்பு நுரையோடு நின்று அந்தச் சத்தத்தை நான் ரசித்துக் கேட்பேன். அத்தனை வருடத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது, அதுவும் ஒரு இரும்புக் கொக்கி கொடுத்தது. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

இரண்டாவது வாரம் பெரியவள் பாடம் கற்றுக்கொண்டாள். பூட்டு என்பது முதலில் வருகிறவருக்குச் சொந்தம், அதற்கு ஆள் தெரியாது. நான் எழுவதற்கு முன்பே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் சும்மா அல்ல, இருப்பதிலேயே நீளமான சுற்று, சூடான தண்ணீரில். நான் வேலைக்குக் கிளம்பும்வரை அது முடியாது. சாயங்காலம் திரும்பி வந்தால் அப்போதும் ஓடும். ஒருநாள் முடிந்ததும் அவள் எடுத்ததைப் பார்த்தேன், இரண்டு கைத்துண்டும் ஒரு கால்மிதியும். ஆராய்ச்சி மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஏதோ முனகினார், பெரியவள் பார்த்த பார்வையில் அந்த ஆராய்ச்சி அங்கேயே கைவிடப்பட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை அது நனைத்தது. நான் பக்கெட்டில் யூனிஃபார்மை ஊற வைத்து, குளியலறைத் தரையில் குந்தி, கையால் கசக்கினேன். பெரியவள் கடையில் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது, அவள் மறுபடி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்.

ஆனாலும் ஒன்று எனக்குப் பிடிமானமாக இருந்தது. பக்கெட்டில் நான் தனியாக இல்லை. என் கணவரின் சட்டையும் என் யூனிஃபார்மோடுதான் ஊறியது, கொடியில் பக்கத்தில்தான் தொங்கியது. வாய் திறக்காவிட்டாலும் மனிதர் நம் பக்கெட்டில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், அப்படித்தான் நினைத்தேன்.

இன்று காலை கூடையைத் தூக்கிக்கொண்டு நடைக்குப் போனபோது வழக்கம்போல மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூடை கனமே இல்லை, அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு எந்தக் கால்மிதியோ என்ற கோபத்தில் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரியவளின் ஆரஞ்சு நைட்டி ஒருமுறை சுற்றி விழுந்தது. ஆராய்ச்சியின் பனியன். ஒரு தலையணை உறை. பிறகு மெல்லிய சாம்பல் கோடு போட்ட ஒரு சட்டை நுரைக்குள்ளிருந்து எழுந்து, கண்ணாடியில் அறைந்து, கீழே போனது. அது நான் வாங்கிக் கொடுத்தது. மறுபடி வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தது. அதற்குப் பின்னால் அவருடைய வெள்ளைச் சட்டை, அதற்குப் பின்னால் அவருடைய கைக்குட்டை. கூடைக்குள் பார்த்தேன். என் யூனிஃபார்ம் மட்டும் இருந்தது.

அவர் பல் தேய்த்தபடி நடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போயிருப்பார், இடம் குறுகலாக இருந்ததால் முடியவில்லை.

"உங்க சட்டை இதுக்குள்ள எப்படிப் போச்சு?"

துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "அண்ணி கேட்டாங்க. அவங்க துணியோடயே போட்டுடறேன்னாங்க. ராத்திரியே எடுத்துக் குடுத்துட்டேன்."

"நீங்களே எடுத்துக் குடுத்தீங்களா? என் கூடையில இருந்து?"

"கையால தோய்ச்சா காலர்ல அழுக்கு அப்படியே நிக்குது. தினம் எதுக்கு வம்பு?" என்றார். பிரஷ்ஷை உதறிக்கொண்டார். அதற்குப் பிறகு, எனக்கு நல்லது சொல்கிற குரலில், "உன்னோடது நாலே துணிதானே. நீ மட்டும் பக்கெட்ல போட்டுக்கிட்டா வீட்ல பிரச்சினையே இல்லயே," என்றார்.

ஃப்ரிட்ஜுக்குள் பார்த்துக்கொண்டு நின்றவர் கடைசியில் பேசிவிட்டார். இத்தனை நாள் நான் கேட்ட ஒரு வார்த்தை இதுதான்.

அவர் போய்விட்டார். அடுப்படியில் பெரியவள் பாத்திரத்தை மெதுவாக, சத்தமே வராமல் வைத்தாள். சத்தம் வராமல் வைக்கிற பெண் அல்ல அவள். நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. சற்று பலமாக இழுத்தேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று மேலே பச்சை எழுத்து காட்டியது, அதை நான் படிக்கவில்லை. உள்ளே கோடு போட்ட சட்டையின் கை ஆரஞ்சு நைட்டியில் முறுக்கிக்கொண்டு, கண்ணாடியில் ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டியது. டிரம் ஒரு கணம் நின்றது. துணிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடியில் சரிந்து படுத்தன. பிறகு அது மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கியது.