ஏழு நாள் குப்புற

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: கட்டிலில் குப்புறக் கிடந்த தவராசா, அவன் மனைவி சோபனா, குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்த அவனுடைய அண்ணன் பிரகலாதன். பிரகலாதனின் சட்டைப் பையில் கோயில் திருநீறு இருந்தது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தவராசாவின் வலது கண் போன வருசமே போய்விட்டது. ஓரத்தில் மின்னல் வெட்டியது, கரித்தூள் பறந்தது. வெயிலில் ஓட்டோ ஓட்டுகிற களைப்பு என்று நாலு மாதம் இருந்துவிட்டான். பிறகு டொக்டர்கள் கையை விரித்தார்கள். இடது கண்ணில் அதே மின்னல் வந்த அன்று, ஓட்டோவைச் சந்தியிலேயே விட்டுவிட்டு ஆசுபத்திரிக்கு நடந்தான். டொக்டர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, தலையில் மாட்டிய விளக்கால் உள்ளே பார்த்தார்.

“விழித்திரை சுவரில ஒட்டின தாள் மாதிரி. ஒரு இடம் கிழிஞ்சு, அதால தண்ணி பூந்து உரியுது. இண்டைக்கே கொழும்புக்குப் போங்கோ.”

கொழும்பில் கண்ணுக்குள் இருந்த கூழை எடுத்து, கிழிசலை லேசரால் சுட்டு, வாயு நிரப்பினார்கள். வாயுக் குமிழ் மேலே எழும்பும். முகம் கீழே இருந்தால்தான் அது விழித்திரையைப் பின்சுவரோடு அழுத்திப் பிடிக்கும். ஏழு நாள். தின்பதும் குனிந்தபடிதான். இது மூன்றாம் நாள். வாயு கரையும்வரை அவனுக்கு எல்லாம் கலங்கல் தண்ணீர். ஆட்களைக் குரலால்தான் தெரியும்.

“எழும்படா தம்பி. உன்ர பேரில அருச்சனை செய்து திருநீறு கொண்டு வந்தனான்.”

“ஏலாது அண்ணை.”

“அவர் நிமிரக் கூடாது அத்தான். தூசும் படக் கூடாது,” என்றாள் சோபனா. “மேசையில வையுங்கோ.”

“ஒரு நிமிசம் நிமிர்ந்தால் கண் கழண்டு விழுந்திடுமோ?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான்,” என்றான் தவராசா தலையணைக்குள். “பிடரியில பூசுங்கோ.”

“பிடரியிலயோ? மாட்டுக்கோடா பூச வந்தனான்?”

முகத்தைத் தூக்க, நாடிக்குக் கீழே அண்ணனின் உள்ளங்கை நுழைந்தது. அப்பா செத்தபின் சோறு போட்ட கை. அதை அவன் ஒருநாளும் தட்டியதில்லை. மூன்று நாளாய் விறைத்திருந்த கழுத்தும் அந்தக் கையோடு எழும்பத்தான் பார்த்தது. நெற்றி தலையணையை விட்டுப் பிரிந்தது.

தவராசா அந்த மணிக்கட்டைப் பிடித்து விலக்கினான். பிடியை விடாமலே கட்டிலைவிட்டு இறங்கி, தரையைப் பார்த்தபடி, மறு கையால் சுவரைத் தடவித் தடவி அண்ணனை வாசலுக்கு நடத்தினான்.

“என்னை வெளியில தள்ளுறியோ?”

“ஓம் அண்ணை. எனக்கு மிச்சம் இருக்கிறது ஒரு கண்.”

“இனி உன்ர வாசல் மிதிக்க மாட்டன்.”

“இன்னும் நாலு நாளைக்கு மிதியாதேங்கோ. பிறகு வாங்கோ, நானே நெத்தியைக் காட்டுறன்.”

பிரகலாதன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. தவராசா கதவைச் சாத்தினான். பூட்டை விரலால் தேடிப் பிடித்து, குனிந்தபடியே திறப்பை இரண்டு முறை திருப்பினான்.