பக்கத்துக் கட்டில்காரி

மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கியதுமே ஆளுக்கொரு மஞ்சள் பனியனைக் கையில் திணித்தார்கள். உறையைக் கிழித்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். நெஞ்சுப் பக்கம் ஒரு மலையின் கோட்டுப் படம். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, முன்னால் நின்ற கேஷியர் அக்காவின் முதுகைத்தான் படிக்க வேண்டியிருந்தது. 'அநாதைக் குழந்தைகளுக்காக ஏறுகிறேன்.' முதல் சொல் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. நாலு அடி தள்ளி நின்றால் அது ஒன்றுதான் கண்ணில் படும். நாற்பது பேர் அந்தச் சொல்லை முதுகில் போட்டுக்கொண்டு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, திரும்பு, சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்றாள் மகள். திரும்பினேன். தோள்பட்டையில் சுருக்கத்தை நீவிவிட்டாள். "சூப்பரா இருக்கும்மா. உனக்குன்னே தைச்ச மாதிரி."

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். சட்டத்துக்கு ஏற்றபடி கண்ணாடியை அறுத்து, ஓரம் தேய்த்துப் பொருத்துவது, பிறகு வந்தவர் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரல் விட்டு எங்கே அழுத்துகிறது என்று பார்ப்பது. பதினாறு வருடமாக இதுதான். மூச்சுக் காற்று படும் தூரத்தில் முகத்தை வைத்துப் பேசினாலும் யாரும் என்னைப் பார்ப்பதில்லை, கண்ணாடியில் தெரியும் தங்களைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். போன மாதம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, கடை சார்பில் ஒரு மலை ஏறப் போகிறோம், தெரிந்தவர்களிடமெல்லாம் நன்கொடை கேட்க வேண்டும், எல்லாம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு என்று சொல்லி நோட்டீஸைக் கொடுத்தார். இல்லத்தின் பெயரைப் பார்த்ததும் எழுத்து கலங்கியது. நாலு வயதிலிருந்து பதினெட்டு வரை நான் வளர்ந்த இடம் அது.

முட்டி வலி என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு அன்றைக்குக் கடைக்கு வந்த மகள், என்னைக் கேட்காமலே எங்கள் இரண்டு பேர் பெயரையும் பட்டியலில் எழுதிவிட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நல்ல காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பாள். அவளைப் பொறுத்தவரை என்னுடைய அம்மா அப்பா நான் பெரியவளான பிறகு ஒரு விபத்தில் போய்விட்டார்கள். அந்த விபத்துக்கு ஒரு மழை, ஒரு வளைவு, எதிரே வந்த லாரி என்று ஒவ்வொன்றாக வருடா வருடம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். என் கணவருக்கு மட்டும் உண்மை தெரியும். "நீயா சொல்ற வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன்" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னவர், இன்று வரை திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் என் தண்ணீர் பாட்டிலை வெகுநேரம் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

ஏறத் தொடங்கினோம். பாதை ஒற்றையடி. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். கேஷியர் அக்கா மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டே வந்தாள். நல்ல மனசு அவளுக்கு. யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டுக்கே கஞ்சி கொண்டுவருவாள். அதனாலேயே அவள் பேச்சு இன்னும் ஆழமாக இறங்கியது.

"அதுங்களுக்கு யாரு இருக்கா சொல்லு. ஒரு பாசம் தெரியுமா, ஒரு முறை தெரியுமா? வளர்ந்து வெளிய வந்தாலும் ஏதோ ஒண்ணு ஒட்டாமத்தான் நிக்கும். எங்க சொந்தத்துல ஒருத்தன் அப்படி ஒரு பொண்ணைக் கட்டினான். நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா மனசு விட்டுப் பேசவே பேசாது."

"ஆமாக்கா, பாவம்" என்றேன் நான்.

அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் அதற்குப் பழகியிருந்தது.

முதல் தங்குமிடம் ஒரு பாறைத் திட்டு. அங்கே இல்லத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை வேனில் பின்பக்கத்துச் சாலை வழியாகக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஏறி வருகிறவர்களுக்குத் தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும். உயர வாரியாக நின்றிருந்தார்கள். தலையைப் படிய வாரியிருந்தார்கள், எண்ணெய் நெற்றியில் வழிந்தது. எனக்கு அந்த வரிசை தெரியும். பின்னால் கை கட்டக் கூடாது, சொரியக் கூடாது, கொடுப்பவரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், ஆனால் பல் தெரியச் சிரிக்கக் கூடாது. ஒன்பது வயது இருக்கும், ஒரு பெண் என்னிடம் டம்ளரை நீட்டி, "எங்களுக்காக வந்ததுக்கு நன்றி ஆண்ட்டி" என்றாள். டம்ளரை விட்ட கையோடு அவள் பார்வை அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. கேஷியர் அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளி, தோளோடு அணைத்து, என் மகளைப் படம் எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் உடம்பைக் கட்டை மாதிரி வைத்துக்கொண்டு, சரியான அளவுக்குச் சிரித்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். "எலி?"

திரும்பினேன். முதலுதவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெடுநெடுவென்று ஒருத்தி நின்றிருந்தாள். காதோரம் நரை. கழுத்தில் இல்லத்தின் காப்பாளர் அட்டை. முகம் மாறியிருந்தாலும் அந்த உயரத்தை எப்படி மறைக்க முடியும்? ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். ஆறு வருடம் என் பக்கத்துக் கட்டில்.

"எலிதானே நீ?" என்றாள் மறுபடியும். முகம் முழுக்கச் சிரிப்பு விரிந்துகொண்டு வந்தது.

என் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். கேஷியர் அக்கா வாய்க்குக் கொண்டுபோன சுளையை அப்படியே நிறுத்தியிருந்தாள்.

"யாரைச் சொல்றீங்க?" என்றேன். "நான் கண்ணாடிக் கடையிலேருந்து வர்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மகளை, அவள் மோவாயை, அவள் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். விரிந்த சிரிப்பை மெதுவாகச் சுருக்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க மேடம். எங்ககிட்ட இருந்த ஒரு பொண்ணு ஜாடை உங்களுக்கு. தப்பா நினைச்சுட்டேன்."

மேடம் என்றாள்.

அதன் பிறகு பாதை முழுக்க நான்தான் வேடிக்கை. "எலி மேடம், பாத்து, பொந்துக்குள்ள போயிடாதீங்க" என்று கேஷியர் அக்கா ஆரம்பித்து வைக்க, முன்னால் போன முதலாளி வரைக்கும் அது பரவியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? சாப்பாட்டில் பாதி ரொட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பேன். அடுத்த வேளை வரும் என்று எனக்கு நம்பிக்கை வர இரண்டு வருடம் ஆயிற்று.

அது மட்டுமில்லை. பத்து வயது வரை படுக்கையை நனைப்பேன். நனைத்தவர் அந்த விரிப்பைத் தலையில் சுமந்துகொண்டு காலை வரிசையில் நிற்க வேண்டும் என்பது அப்போதிருந்த காப்பாளரின் சட்டம். அப்படி நான் நனைத்த ஒரு நாள், வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வரும் நாளாகப் போய்விட்டது. நான் கட்டிலோரம் நடுங்கிக்கொண்டிருந்தேன். ஒட்டடை ஒன்றும் பேசாமல் என் விரிப்பை உருவி, தன்னுடையதை எனக்கு விரித்துவிட்டு, நனைந்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அந்த உயரத்துக்கு எல்லோர் கண்ணுக்கும் அவள்தான் முதலில் தெரிந்தாள். பையன்கள் மூக்கைப் பிடித்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் காய்ந்த விரிப்பின் பக்கத்தில் கை கட்டாமல் நின்று, பல் தெரியாமல் சிரித்தேன். நான் வெளியே வந்த பிறகு அவள் மூன்று கடிதம் போட்டாள். மூன்றாவதைப் பிரிக்கவே இல்லை.

சரளைக் கல் சரிவில் மகள் வழுக்கி விழுந்தாள். முட்டி நன்றாகச் சிராய்த்து ரத்தம் வந்தது. வழிகாட்டி கீழே பார்த்து விசில் ஊத, முதலுதவிப் பையோடு வேறு யார் வருவார்கள்? நீளமான கால்களை எட்டிப் போட்டு வந்து, என் மகளின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

"வலிக்கும். பேசிக்கிட்டே இரு, தெரியாது" என்றாள் மகளிடம், பஞ்சை நனைத்தபடி.

அவளுக்குப் பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஆண்ட்டி, யாரு அந்த எலி?"

நான் பாறையில் கிளம்பியிருந்த ஒரு செதிலை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

"என் பக்கத்துக் கட்டில். தம்மாத்துண்டு இருப்பா. ஆனா கை இருக்கே, அப்படி ஒரு கை. உடைஞ்ச பொருள் எதைக் குடுத்தாலும் ஒட்ட வெச்சிருவா. பொம்மை, பேனா, ஒருதடவை வார்டனோட கண்ணாடியையே ஒட்டிக் குடுத்தா. சின்னதுங்களுக்கெல்லாம் கதை சொல்லுவா. எல்லாக் கதையிலயும் ஒரு அம்மா வருவாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாதும்மா. நல்லா இருப்பா."

"உங்களுக்கு போன்கூடப் பண்ண மாட்டாங்களா?"

"அவளுக்கு என்ன கஷ்டமோ."

"ச்சே! என்ன ஃப்ரெண்டு ஆண்ட்டி அவங்க?" என்றாள் என் மகள். நிஜமான கோபம் அவள் முகத்தில். "நானா இருந்தா அப்படிப்பட்டவங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

ஒட்டடை கட்டுத் துணியைச் சுற்றத் தொடங்கினாள். "அப்படிச் சொல்லாதடா. வெளிய வர்றது லேசுப்பட்ட காரியமில்ல" என்றாள். கட்டை இறுக்கி, நுனியை உள்ளே செருகி, மகளின் காலைக் கீழே இறக்கி வைத்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். "ரொம்ப நன்றிங்க" என்றேன். அந்த வாக்கியத்தை நான் வரிசையில் நின்று கற்றுக்கொண்டவள் அல்லவா, பிசிறில்லாமல் வந்தது. அவள் பையை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. முதலாளி போனில் வீடியோ எடுத்தபடி, ஆளுக்கு ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். கேஷியர் அக்கா பேச முடியாமல் அழுதுவிட்டாள். மகள் கட்டுப் போட்ட காலை முன்னால் வைத்து நின்று, "எனக்கு அம்மா இருக்காங்க. இல்லாதவங்களுக்காக ஏறினேன்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். என் முறை வந்தது. நம்மால் முடிந்த சின்ன உதவி, அந்தக் குழந்தைகள் நன்றாக வர வேண்டும் என்று ஏதோ சொன்னேன். அதற்கும் தட்டினார்கள். மகள் பெருமையோடு என் தோளில் சாய்ந்தாள். கீழே எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. என்னால்தான் எதையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இறங்கும்போது மகள் நொண்டியதால் நாங்கள்தான் கடைசி. பாறைத் திட்டில் பிள்ளைகள் இல்லை. சாலையில் நின்ற வேனுக்குள் ஏறிவிட்டிருந்தார்கள். திட்டு முழுக்கக் காகித டம்ளரும் ஆரஞ்சுத் தோலும். நாற்பது பேரும் குடித்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தோம். ஒட்டடை ஒருத்தியாகக் குனிந்து குனிந்து சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தனை உயரத்தை ஒவ்வொரு டம்ளருக்காகவும் மடக்க வேண்டியிருந்தது.

"அம்மா, வா, பஸ் போயிடும்" என்றாள் மகள்.

நான் குனிந்தேன். ஒரு டம்ளரை எடுத்தேன். இன்னொன்று. கையில் அடுக்கிக்கொண்டே அவள் பக்கம் நகர்ந்தேன். தோலில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள், யாருக்கோ பிடிப்பது போல.

"ஒட்டடை" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் மகளின் நொண்டும் காலடி நின்றுபோனது.

ஒட்டடை நிமிரவில்லை. அணைத்துக்கொள்ளவில்லை, அழவில்லை. சாக்கைக் கட்டி முடித்து, ஓரத்தில் பாதித் தண்ணீரோடு நின்ற டிரம்மைக் காட்டினாள். "அந்தப் பக்கம் பிடி. பிள்ளைங்க வண்டியில காத்துக்கிட்டிருக்கு."

பிடித்தேன். இரண்டு பேரும் தூக்கினோம். அவள் உயரத்துக்கும் என் உயரத்துக்கும் டிரம் நேராக நிற்கவில்லை. மொத்தமும் என் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் மூடியோரம் தளும்பி என் ஷூவில் கொட்டியது. கொஞ்ச தூரம் போனதும் அவள் முட்டியை மடக்கி, தன் பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு நடந்தாள். வேன் ஜன்னல்களிலிருந்து பத்து முகங்கள் எங்களைப் பார்த்தன. பாதையின் நடுவில் நின்ற என் மகள், ஒரு காலில் பாரத்தைப் போட்டபடி, என்னைப் பார்த்தாள், ஒட்டடையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். 'எலி' என்று அவள் உதடு அசைந்தது.