கரை இழுத்த சுகாதாரப் பள்ளி

1956ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, தங்கச்சிமடத்தில் இருந்த பல்கலைக்கழகச் சுகாதாரப் பள்ளி தரையை விட்டு எழும்பிச் சென்னைக்குப் புறப்பட்டது. பள்ளியைத் தலைநகருக்கு மாற்றும் உத்தரவு அன்றுதான் அமலுக்கு வந்திருந்தது. மனிதர்கள் என்றால் ஆற அமரக் கிளம்புவார்கள். கட்டடத்துக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், ஓட்டுக்கூரை, பெஞ்சுகள், மைக்ராஸ்கோப், வகுப்பில் இருந்த பெண்கள் எல்லாவற்றோடும் பனைமர உயரத்தில் பாம்பன் பக்கம் நகர்ந்தது. ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கோபம்தான் வந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? சுதந்திரம் வந்த மறு வருஷம், சங்கு வியாபாரி அப்துல் குத்தூஸ் சும்மா கொடுத்த சரக்குக் கிட்டங்கியில் தொடங்கிய பள்ளி அது. அதற்கு முன்பெல்லாம் திருவிழாக் கூட்டத்தோடு காலராவும் ரயிலேறி வந்து, வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்டு போகும். ஊர்க்காரி லீமாரோஸ் தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் அப்படித்தான் பறிகொடுத்தாள். பிறகு அந்தப் பள்ளியிலேயே படித்து, தடுப்பூசி போடக் கற்று, அங்கேயே டீச்சரும் ஆனாள். கடற்கரைப் பெண்ணைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைக்க எந்தத் தகப்பனும் சம்மதிக்க மாட்டான். பள்ளி போய்விட்டால் தீவில் ஊசி போட ஆள் இருக்காது. பல்கலைக்கழகம் இதை வளர்ச்சி என்றது. வளர்ச்சிதான், யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

"டீச்சர், நாங்க குதிக்கவா?" என்று மேலே ஜன்னலிலிருந்து கத்தினாள் மாணவி புஷ்பமேரி.

"குதிச்சா காலு போயிரும். உள்ளயே இருங்கடி, வாரேன்!" என்று லீமாரோஸ் கரைக்கு ஓடினாள். அங்கே கரைவலை இழுக்க ஆட்களோடு நின்ற இன்னாசி, விஷயத்தைக் கேட்டதும் வலையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி ஜன்னலுக்கு வீசினார். புஷ்பமேரி அதைப் பிடித்துத் தூணில் கட்டினாள். பள்ளி மேற்கே இழுத்தது, ஊர் கிழக்கே இழுத்தது. பாம்பன் கால்வாயைத் தாண்டிவிட்டால் காரியம் கைமீறிவிடும் என்பதால் பெண்களும் வந்து பிடித்தார்கள்.

மாற்றத்தை மேற்பார்வையிடப் பல்கலைக்கழகம் அனுப்பிய டாக்டர் வேதநாயகம் ஷூவோடு மணலில் ஓடிவந்து, இன்னாசியின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கப் பார்த்தார். பாவம், வெளியூர்க்காரர். கரைவலைக் கயிற்றில் கை வைத்தவனை ஏன் வைத்தாய் என்று அந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை. கை வைத்தால் பங்கு உண்டு. பங்குக்காரன் பிடிபட்டதைத் திரும்பப் போகவிடக் கூடாது.

"நான் தடுக்கத்தானய்யா பிடிச்சேன்!" என்றார் டாக்டர்.

"கயித்துக்கு அது தெரியாதுல்ல. கை வச்சாச்சு, பங்கு விழுந்தாச்சு. அங்கன நிக்காம இழுங்க டாக்டரய்யா," என்றார் இன்னாசி.

சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் இழுத்தார். உச்சிவேளைக்குள் பள்ளி பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் தரையில் உட்காரவில்லை, ஒரு முழம் மேலேயே நின்றது. இன்னாசி ஏணி சாத்தினார், கோழிகள் அடியில் போய்ப் படுத்தன. பல்கலைக்கழகம் சம்பளத்தை நிறுத்தியது. வள்ளங்கள் டீச்சருக்கு மீன் பங்கு வைத்தன. டாக்டருக்குப் பங்காக விழுந்தது மருந்து அறையை நிரப்பும் பொறுப்பு. சென்னைக்குப் போன பிறகும், பங்கு பங்குதானே என்று, மாதாமாதம் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்து அனுப்பினார்.

மாசித் திருவிழாவுக்குக் காலரா வந்தது. பள்ளியில் படித்த பெண்கள் பாம்பன் ஸ்டேஷனில் நின்று ரயிலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஊசி போட்டார்கள், பிறகு வீடு வீடாகப் போனார்கள். அந்த வருஷம் ஊர்க் கல்லறையில் குழந்தைக்கென்று ஒரு குழிகூட வெட்டப்படவில்லை. லீமாரோஸ் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

1961இல் வந்த வேறோர் அதிகாரி, கட்டடம் ஏன் தரையில் உட்காராமல் நிற்கிறது என்று கேட்டார்.

"அது இன்னமும் போகத்தான் பாக்குது சார். நாங்கதான் விடல," என்றாள் லீமாரோஸ். சொல்லிவிட்டு ஏணியில் ஏறி வகுப்புக்குப் போய்விட்டாள்.