சைரன் வீட்டில் ஊரடங்கு

அழகு நிலையக்காரிக்குக் குடியிருப்பில் வைத்த பெயர் சைரன். தரைத்தளத்தில் யாருடைய புருவத்தையோ திருத்திக்கொண்டே அவள் பேசினால், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் பதில் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் கடைக்கும் பூட்டு, வாய்க்கும் பூட்டு என்று ஒரு நாள் கிடந்தாளென்றால் சும்மாவா?

எல்லாம் மகளால்தான். பதினாலு வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. பள்ளி மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லியனுப்பினார்கள்.

"பிரஷரா? அதெல்லாம் உங்கப்பா மாதிரி தொப்பைக்காரங்களுக்கு வர்றதுடி. மெஷின் கோளாறு!"

வேறு மெஷின்களும் அதையே சொல்லின. கடைசியில் டாக்டரம்மா, பெண்ணின் இடுப்பில் சின்னப் பெட்டியைக் கட்டி, கையில் பட்டையைச் சுற்றிவிட்டார். நாள் முழுக்க அதுவே அவ்வப்போது காற்றை நிரப்பி அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுமாம்.

"ஆஸ்பத்திரி பயத்துல ஏறுதா, எப்பவுமே அப்படித்தானான்னு தெரிஞ்சிடும். வழக்கம்போல ஸ்கூலுக்குப் போகட்டும், ஓடியாடட்டும்."

சைரன் தலையை ஆட்டினாள். ஆனால் பயத்தால்தான் ஏறுகிறது என்று நிரூபித்துவிட வேண்டுமே! வீட்டுக்கு வந்ததும் ஊரடங்கு போட்டாள். பள்ளிக்கூடம் கிடையாது. டிவி, மிக்ஸி மூச்சுவிடக் கூடாது. ஏ.சி. மெக்கானிக் கணவன் தும்மியதற்கு ஒரு முறைப்பு.

எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "என்னக்கா, கடை பூட்டியிருக்கு? அண்ணன்கூட சண்டையா?"

"பொண்ணு படிக்கிறா."

"படுத்துக்கிட்டா? கையில என்னமோ சுத்தியிருக்கு?"

"ஃபேஷன்!" என்று கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நான் என்ன முட்டை அடைகாக்கறேனா? ஃப்ரெண்டுக்கு போனாவது பண்றேனே."

"அசையாதடி என் செல்லம். ஒரே ஒரு நாள்."

பட்டை 'உர்ர்' என்று இறுகும்போதெல்லாம் சைரன் அடுப்படியிலிருந்து நுனிக்காலில் ஓடிவந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் டாக்டரம்மா கணினித் திரையை வெகுநேரம் பார்த்தார். "நேத்து பொண்ணு என்னவெல்லாம் பண்ணா?"

"ஒண்ணுமே பண்ணல டாக்டர்," என்றாள் சைரன் பெருமையாக. "படுக்கையை விட்டு எழுந்திருக்கவே விடல. வீட்ல ஒரு சத்தம் கிடையாது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வழக்கம்போல இருக்கட்டும்னு சொன்னேனேம்மா."

"நல்லா வரட்டுமேன்னுதான்..."

"வரலையே. அசையாம படுத்திருந்தும் இவ்வளவு இருக்கு. ராத்திரி தூக்கத்துலகூட இறங்கல. இனி பயத்து மேல பழி போட முடியாது."

கணவன்தான் கேட்டான்: "ஒல்லியாத்தானே இருக்கா டாக்டர்?"

"அதனாலதான் கேள்வியே. இந்த வயசுல சிறுநீரகத்துல ஏதாவது கோளாறு இருந்தாலும் அழுத்தம் ஏறும். முதல்ல அதை ஸ்கேன் பண்ணிடலாம், இதயத்தையும் பாத்துடலாம். இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். வைத்தியம் இருக்கு."

'இருக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சைரன் ஸ்கேன் அறை வாசல்வரை நடந்தாள். அதற்கு மேல் விடவில்லை. மகள் போனை அவளிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கம்மா," என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கணவன் அவள் தோளைத் தொட்டான்.

"ஏய், சொன்னது அவளுக்கு. நீ மூச்சு விடு."