ஜன்னலோர வெளிச்சம்

ஸ்டுடியோக்காரர் அப்பாவின் முகத்தைத் திரை முழுக்க இழுத்து நிரப்பினார். குடும்பப் படத்திலிருந்து அம்மா, அண்ணன், அண்ணி, குழந்தைகள் இருவர் எல்லோரையும் வெட்டி நீக்கியாகிவிட்டது. அப்பா மட்டும் மிச்சம். மூக்கிலிருந்து காதுவரை இரண்டு கன்னங்களிலும் மெல்லிய கோடு ஓடியது.

"இந்தத் தழும்பை எடுத்துடவாம்மா?"

அது தழும்பு இல்லை, ஆக்சிஜன் குழாய் அழுந்திய தடம். பாப்பா அதைச் சொல்லவில்லை. எடுத்துவிடுங்கள் என்றாள். அவர் இரண்டு தடவை தேய்த்ததும் கன்னம் வழவழப்பாகிவிட்டது. வெளிச்சம் அருமையாக விழுந்திருக்கிறது, யார் எடுத்தது என்று விசாரித்தார்.

"நான்தான்" என்றாள்.

முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒரு வருடமாக மதிய இடைவேளையில், செல்போனில் படமெடுக்கச் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தேறிவிட்டாள். லென்ஸைத் துடைத்துக்கொள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பு. ஒன்றோடு நிறுத்தாதே, நிறைய எடுத்து நல்லதைப் பொறுக்கு.

அப்பா முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் போவார். லிஃப்டைப் பற்றித் தெரிந்தவன் அதில் ஏறமாட்டான் என்று சொல்லிச் சிரிப்பார். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அவரை அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. முந்தாநாள் இரவு அண்ணன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தான். நான்கு வருடத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு நல்ல படம் எடுத்தே தீரவேண்டும் என்று பாப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது.

நேற்றுக் காலை, படுத்திருக்கும்போதே எடேன் என்று அண்ணன் சொன்னான். கட்டில் பக்கம் இருட்டு, குழாயோடு எடுத்தால் நோயாளிப் படமாகிவிடும் என்று அவள் விடவில்லை. முகம் கழுவ இரண்டு நிமிடம் குழாயைக் கழற்றலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்ததையும் எடுத்துக் காட்டினாள். அப்பாதான் பேச்சை முடித்துவைத்தார்.

"ஆசைப்படுறா. எடுத்துக்கட்டும் விடுடா."

கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு நான்கே எட்டு. அண்ணன் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தான். ஒரு படத்தில் அண்ணி கண்ணை மூடிவிட்டாள். இன்னொன்றில் சின்னவன் திரும்பிக்கொண்டான். அம்மாவின் தோளில் நிழல் விழுந்தது. அப்பாவின் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தன.

"ஆச்சாம்மா?"

"ஒண்ணே ஒண்ணுப்பா. லேசா சிரிங்க."

அவர் சிரித்தார். அன்று மாலை நாலரை மணிக்குப் போய்விட்டார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்று இருந்ததுதானே என்றாள். படம் எடுத்ததைப் பற்றி அவளிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சட்டமிட்ட படத்தோடு பாப்பா வீடு திரும்பியபோது கூடம் நிறைந்திருந்தது. பிற்பகலில் உடலை எடுப்பதாக ஏற்பாடு. படத்தை மேஜைமேல் வைத்ததும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்து, "புண்ணியம் கட்டிக்கிட்ட பாப்பா" என்றார்.

தன் போனில் இப்படி வரவே மாட்டேன் என்கிறதே, எப்படி எடுத்தாய் என்று சித்தி மகள் மெதுவாகக் கேட்டாள். முகம் ஜன்னல் பக்கம் இருக்கணும், போன் கண் மட்டத்துக்கு வரணும் என்று பாப்பாவின் வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போனது. நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போனில் நாற்பத்தோரு படங்கள் இருந்தன. முதல் படம் பத்து நாற்பத்திரண்டுக்கு. கடைசிப் படம் பதினொன்று ஒன்பதுக்கு. மிஞ்சினால் ஐந்து நிமிடம் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கடைசிப் பத்துப் பன்னிரண்டு படங்களில் அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி, கட்டிலருகே ஓடிக்கொண்டிருந்த ஆக்சிஜன் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நேற்று மதியமே அது அவள் கண்ணில் பட்டிருந்தது. நிறம் சரியில்லை என்று, தேர்ந்தெடுத்த படத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பைக் கூட்டியிருந்தாள்.

அடுக்களையில் அம்மா தனியாக டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் கேட்காமல் காலையிலிருந்து அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இருபத்தேழு நிமிஷம்."

"என்னது?"

"அப்பாவைக் குழாய் இல்லாம உட்கார வெச்சது. ரெண்டு நிமிஷம்னு சொன்னேன்."

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"மூச்சு வாங்கினது எனக்குக் கேட்டுச்சு. பக்கத்துலதானே நின்னேன்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

அம்மா வெகுநேரம் டம்ளரின் உள்ளே தேய்த்தாள்.

"நல்லா வந்த ஒண்ணுல என் தலை கலைஞ்சிருந்துச்சு. இன்னொண்ணு எடுன்னு நானே சொன்னேன்."

பாப்பாவுக்கு அது நினைவில் இல்லை. கூடத்தில் புதிதாக யாரோ வந்த சத்தம் கேட்டது. இன்னும் ஆறு பேருக்குக் காப்பி வேண்டும் என்று அண்ணி வந்து சொல்லிவிட்டுப் போனாள். தொட்டி நிறையக் கழுவாத டம்ளர்கள் கிடந்தன. அம்மா குழாயை மூடாமலே சற்று நகர்ந்து இடம் விட்டாள்.